அடிவயிற்றுக்கு ஆங்கிலத்தில் என்ன?

1989ஆம் ஆண்டு மார்கழி மாதம். லண்டனுக்கு நாங்கள் வந்து 14 மாதங்கள் ஆகியிருந்தன. எனக்கு 13 வயது. அப்பா பெற்றோல் நிலையத்தில் இரவு வேலைக்குப் போய்விட்டார். மத்தியானத்தில் இருந்தே சுருண்டு படுத்திருந்த அம்மா, இரவு எட்டு மணிக்கு எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டு, "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போவம்" என்றார். இரண்டு பஸ் மாறிப் போனோம்.

மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு ஓர் இளம் டொக்டர் எங்களை உள்ளே கூப்பிட்டார். அம்மா என்னிடம் சொன்னார்: "அடிவயித்துக்குள்ள முறுக்கிப் பிடிச்ச மாதிரி நோகுதெண்டு சொல்லு." வயிற்றுக்கு ஆங்கிலம் எனக்குத் தெரியும். 'அடி'க்குத் தெரியவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, அம்மாவுக்கு ஸ்டொமக்கில் நோ என்று சொன்னேன்.

டொக்டர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சாப்பிட்ட பின் நோ கூடுகிறதா, நெஞ்சு எரிகிறதா, புளித்த ஏப்பம் வருகிறதா என்று கேட்டார். எல்லாவற்றையும் நான் ஒழுங்காகத் தமிழில் சொன்னேன். எந்த இடம் என்று காட்டச் சொன்னார். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளங்கையை விரித்து, கோட்டுக்கு மேலால், வயிற்றின் நடுவில் வைத்தார். அடுத்ததாக டொக்டர் கேட்ட கேள்வியில் 'பீரியட்' என்ற சொல் இருந்தது. எனக்குத் தெரிந்த பீரியட் பள்ளிக்கூடத்துப் பாடவேளை. "கடைசி வகுப்பு எப்ப எண்டு கேக்கிறார்" என்றேன். அம்மா அந்த நாட்களில் நூலகத்தில் நடந்த ஆங்கில வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். "செவ்வாய்க்கிழமை" என்றார். அதையே டொக்டரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

அமிலத்தைத் தணிக்கும் வெள்ளைப் பாணி ஒரு போத்தலுடன் வீட்டுக்கு வந்தோம். மூன்றாம் நாள் இரவு அம்புலன்ஸ் வந்தது. அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. சூலகம் ஒன்றில் கட்டி வளர்ந்து, அந்தச் சூலகமே முறுக்கிக்கொண்டு, இரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். எனக்கு அப்போது 'வயித்தில ஒரு சின்ன ஒப்பரேசன்' என்று மட்டுமே சொல்லப்பட்டது. முழு விவரத்தையும் நான் அறிந்தபோது எனக்கு 26 வயது.

அன்று நான் சொன்ன ஸ்டொமக் என்ற சொல்லை அதன்பிறகு என்னால் சாதாரணமாகச் சொல்ல முடிந்ததில்லை. அதற்கும் பெல்லிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேடத் தொடங்கியபோது, அது ஒரு பிள்ளையின் மொழிப்பிழையோடு முடிகிற விஷயமல்ல என்று தெரிந்தது. அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

முதலில் வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவருக்கு ஸ்டொமக் என்றால் இரைப்பை. உணவுக்குழாயின் முடிவில், இடப்பக்க விலா எலும்புகளின் கீழ் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு தசைப்பை. பெல்லி என்றால் விலாவுக்குக் கீழே இடுப்பு வரை உள்ள முன்பக்கம் முழுவதும். அதற்குள் இரைப்பை மட்டுமல்ல, ஈரல், குடல், சிறுநீர்ப்பை, பெண்களுக்குக் கருப்பை, சூலகம் எல்லாம் அடங்கும். ஒன்று வீடு, மற்றது அந்த வீட்டின் ஓர் அறை. ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் அறையின் பெயரைத்தான் வீட்டுக்கும் வைத்திருக்கிறார்கள். ஸ்டொமக் ஏக் என்று சொல்லும் ஆங்கிலேயர் பலருக்கு நோவது இரைப்பையில் அல்ல. 1970ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ இதழில் பாயில் என்பவரின் ஆய்வு ஒன்று வெளிவந்தது. உடலுறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று படங்களைக் காட்டி நோயாளிகளிடமும் மருத்துவர்களிடமும் கேட்ட ஆய்வு அது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த நோயாளிகளிலும் பலர் ஸ்டொமக்கை மருத்துவர்கள் காட்டிய இடத்தில் காட்டவில்லை. ஆக, நான் செய்த பிழையை இந்த நாடே செய்துகொண்டிருந்தது. அவர்களுக்கு அது ஆபத்தாவது குறைவு. ஏனென்றால் அடுத்த கேள்விக்கு அவர்களால் தாங்களே பதில் சொல்ல முடியும்.

அறையின் பெயர் வீட்டுக்கு வந்தது எப்படி?

பெல்லி பழைய ஆங்கிலச் சொல். தொடக்கத்தில் அதற்குப் பை என்று பொருள். தோலால் செய்த பை. கொல்லன் பட்டறையில் காற்று ஊதும் துருத்திக்கு ஆங்கிலத்தில் உள்ள பெல்லோஸ் என்ற பெயரும் அதே வேரில் பிறந்தது. நாமும் உடலுக்குள் இருப்பவற்றை இரைப்பை, கருப்பை, சிறுநீர்ப்பை என்று பைகளாகத்தானே எண்ணுகிறோம்.

ஆனால் வயிற்றைக் குறிக்கப் பழைய ஆங்கிலத்தில் முதலில் இருந்த சொல் பெல்லி அல்ல. இன்று கருப்பையை மட்டும் குறிக்கும் 'வூம்' என்ற சொல்தான் அன்று வயிறு. ஆணுக்கும் வூம் இருந்தது, பெண்ணுக்கும் இருந்தது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோன் விக்லிஃபின் பெயரால் அறியப்படும் ஆங்கில வேதாகமத்தில், தகப்பனிடம் சொத்தைப் பிரித்துக்கொண்டு போய்ச் சீரழிந்த இளைய மகன், பன்றிகள் தின்னும் தவிட்டால் தன் வூமை நிரப்ப ஆசைப்படுகிறான். இன்றைய ஆங்கில வாசகர் அந்த இடத்தைப் படித்தால் திகைத்துப்போவார். ஸ்கொட்லாந்தில் வேம் என்ற வடிவில் அந்தச் சொல் இன்னும் எல்லோருடைய வயிற்றையும் குறிக்கிறது. இங்கிலாந்தில் அது சுருங்கிச் சுருங்கித் தாயின் கருப்பையாக மட்டும் நின்றுவிட்டது.

அது விட்ட இடத்துக்கு பெல்லி வந்தது. 1611இல் ஜேம்ஸ் அரசரின் பெயரில் வெளியான வேதாகமத்தில், இளைய மகன் நிரப்ப விரும்புவது பெல்லியை. யோனா மூன்று நாள் கிடந்ததும் மீனின் பெல்லியில். எரேமியாவிடம் கடவுள், நீ உருவாகுமுன்பே உன்னை அறிந்தேன் என்று பேசும் இடத்திலும், தாயின் பெல்லி என்றே இருக்கிறது. பசிக்கும் வயிறு, விழுங்கும் வயிறு, பிள்ளை சுமக்கும் வயிறு மூன்றுக்கும் ஒரே சொல். தமிழ் பேசுபவருக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. நம் வயிறும் அப்படித்தான்.

ஸ்டொமக் வந்தது வேறு வழியாக. கிரேக்கத்தில் வாயைக் குறிக்கும் 'ஸ்டோமா'வில் இருந்து பிறந்த சொல் அது. ஹோமரின் காலத்தில் அதற்குத் தொண்டை என்று பொருள். பிறகு உணவுக்குழாய், இரைப்பையின் வாய் என்று கீழே இறங்கி, கடைசியில் இரைப்பைக்கே பெயரானது. இலத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் புகுந்து, 14ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்தது. வரும்போது தனியாக வரவில்லை. ரோமரிடம் அந்தச் சொல்லுக்குச் சினம், எரிச்சல் என்ற பொருளும் இருந்தது. ஆங்கிலத்தில் அது துணிவு, செருக்கு என்று ஆனது. 1588இல் ஸ்பானியக் கப்பற்படை இங்கிலாந்தை நோக்கி வந்தபோது, டில்பரியில் கூடியிருந்த படையினர் முன் முதலாம் எலிசபெத் அரசி பேசியதாக அறியப்படும் உரையில், தன் உடல் பெண்ணின் உடல்தான், ஆனால் தனக்கு ஓர் அரசனின் இதயமும் ஸ்டொமக்கும் உண்டு என்றார். அரசி சொன்னது நெஞ்சுரத்தை. செரிமானத்தை அல்ல.

நாமும் உணர்ச்சிகளை வயிற்றில் வைத்திருக்கும் சனம்தான். பயம் வந்தால் வயிற்றில் புளி கரைகிறது. நல்ல செய்தி வந்தால் வயிற்றில் பால் வார்க்கப்படுகிறது. அயலவன் வீடு கட்டினால் வயிறு எரிகிறது. பெற்ற வயிறு பற்றி எரியும்போது அது பொறாமையில் எரியவில்லை என்பதும் நமக்குத் தெரியும். இவற்றை ஆங்கிலத்தில் சொல் சொல்லாகப் பெயர்த்தால் அமிலப் பாணிதான் கிடைக்கும்.

சரி, எலிசபெத் காலத்தில் பெல்லி வெளிப்படையான சொல்லாகத்தான் இருந்தது. அது மரியாதைக் குறைவான சொல்லாக மாறியது பின்னால் வந்த இரண்டு நூற்றாண்டுகளில். நடுத்தர வர்க்கம் வளர, கண்ணியமான பேச்சு என்ற ஒன்றும் வளர்ந்தது. உடலின் பகுதிகளுக்கு நேரான பெயர் சொல்வது, அதுவும் பெண்கள் இருக்கும் இடத்தில் சொல்வது, அநாகரிகம் என்று ஆனது. அகராதி எழுதிய நோவா வெப்ஸ்டர் 1833இல் வேதாகமத்தையே தன் கையால் திருத்தி வெளியிட்டார். குடும்பத்தில் உரக்க வாசிக்கக் கூசும் என்று அவர் நினைத்த பல சொற்களை மென்மையாக்கினார். பிரித்தானியக் கடற்படைக் கப்டனும் நாவலாசிரியருமான ஃப்ரெடரிக் மரியற், 1839இல் வெளியிட்ட அமெரிக்கப் பயணக் குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். நயாகராவில் அவருடன் நடந்து வந்த இளம்பெண் ஒருத்தி வழுக்கி அடிபட்டுக்கொண்டாள். காலில் அடியா என்று மரியற் கேட்டார். அவள் முகம் திரும்பிவிட்டது. கால் என்பதற்கான லெக் என்ற சொல்லைப் பெண்கள் முன் சொல்லக் கூடாதாம். 'லிம்' என்று, அதாவது அவயவம் என்று, பொதுவாகச் சொல்ல வேண்டுமாம்.

இந்தச் சூழலில் பெல்லிக்கு ஒரு பதிலாள் தேவைப்பட்டது. பிள்ளை சுமப்பதையும் அடிப்பகுதியையும் நினைவூட்டாத ஒரு சொல். ஸ்டொமக் அதற்குப் பொருத்தமாக இருந்தது. இரைப்பை மேலே இருக்கிறது. சாப்பாட்டோடு மட்டும் தொடர்புள்ளது. கிரேக்கத்தில் இருந்து வந்ததால் படித்த வாடையும் உண்டு. ஆகவே தொப்புளுக்குக் கீழே நொந்தாலும் கண்ணியமான பெண்மணி ஸ்டொமக் என்றாள். 19ஆம் நூற்றாண்டில் ஸ்டொமக்கில் இருந்து 'டம்மி' என்ற மழலைச் சொல்லும் பிறந்தது. இன்று லண்டனில் வளர்ந்தவர்கள்கூட டொக்டரிடம் டம்மியில் நோ என்கிறார்கள். அன்று தொடங்கிய கூச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

சனங்கள் அந்தச் சொல்லை அகலமாக்கிக்கொண்டிருந்த அதே நூற்றாண்டில், மருத்துவர்கள் எதிர்த்திசையில் போனார்கள். அவர்களுக்கு இடம் துல்லியமாக வேண்டியிருந்தது. வயிற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளைக் கற்பனை செய்து ஒன்பது பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தார்கள். 1886இல் அமெரிக்க மருத்துவர் ரெஜினல்ட் ஃபிட்ஸ், வலப்பக்கக் கீழ்வயிற்றில் வந்து ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த அழற்சி குடல்வாலில்தான் தொடங்குகிறது என்று நிறுவி, அதற்கு அப்பெண்டிசைட்டிஸ் என்று பெயரிட்டார். 1889இல் நியூயோர்க்கின் சார்ல்ஸ் மக்பேர்னி, அந்த நோயில் மிக அதிகமாக நோகும் இடத்தை ஒற்றை விரல் நுனியால் தொட்டுக் காட்டலாம் என்று எழுதினார். தொப்புளுக்கும் வலப்பக்க இடுப்பெலும்பின் முனைக்கும் இடையில் உள்ள அந்தப் புள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. 1902 ஜூன் மாதம் ஏழாம் எட்வேர்டின் முடிசூட்டுவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அரசருக்கு அந்த இடத்தில்தான் கத்தி வைக்க வேண்டி வந்தது. விழா ஓகஸ்டுக்குத் தள்ளிப்போனது. பேரரசின் விருந்தினர் எல்லோரையும் காக்க வைத்தது விரல் நுனி அளவு இடம்.

அந்த ஒன்பது பகுதிகளின் பெயர்ப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் என் நெஞ்சில் அடித்தது. தொப்புளுக்குக் கீழே நடுவில் உள்ள பகுதிக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைப்போகாஸ்ட்ரியம். கிரேக்கத்தில் 'ஹைப்போ' என்றால் கீழே, அடியில். 'காஸ்டெர்' என்றால் வயிறு. சேர்த்தால் அடிவயிறு.

அம்மா ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். அன்று அவர் சொன்னது உடற்கூற்று நூலில் உள்ள பெயரை, அச்சொட்டாக. அதை நான்தான் வழியில் தொலைத்துவிட்டேன்.

தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை என்பதை இங்கே சொல்ல வேண்டும். வயிறு பெரிய சொல். புறநானூற்றில் காவற்பெண்டு என்ற பெண்புலவர், உன் மகன் எங்கே என்று கேட்டவளுக்கு, அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது, புலி தங்கிவிட்டுப் போன குகை போல அவனைப் பெற்ற வயிறு இங்கே இருக்கிறது என்று பதில் சொல்கிறார். அங்கே வயிறு கருப்பை. வள்ளுவர் செவிக்கு உணவு இல்லாத நேரத்தில் கொஞ்சம் வயிற்றுக்கும் கொடுக்கலாம் என்கிறபோது அது இரைப்பை. பெரிய சொல்லாக இருப்பதால்தான் அதற்கு முன்னொட்டுகளை வைத்துக்கொண்டோம். மேல்வயிறு, அடிவயிறு என்கிறோம். இடுப்புக்குப் பின்பக்கம் நொந்தால் யாழ்ப்பாணத்தில் நாரி நோகிறது. குத்து, உளைவு, பொருமல், முறுக்கு என்று நோவுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. இத்தனையும் ஒரு கிராமத்துப் பெண்ணின் வாயில் இருந்தன.

இந்தச் சொற்களின் மதிப்பை அறிந்த வெளிநாட்டு மருத்துவர் ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார் என்பதை மிகவும் பிந்தித்தான் அறிந்தேன். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரரில் பிறந்தவர். அமெரிக்க மிசனின் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, பின் மானிப்பாயில் நிலைகொண்டார். நோயாளிகளைப் பார்த்ததோடு உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு நடந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க வேலை தேடி வெளியூர் போனார்கள். கிராமத்து நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கத் தமிழில் படித்தவர்கள் வேண்டும் என்று முடிவுசெய்து, 1860களில் வகுப்பையே தமிழுக்கு மாற்றினார்.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். கட்டர் எழுதிய உடற்கூற்று நூலை 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்றும், பிரசவம் பற்றிய மோன்செல்லின் நூலை 'பிரசவ வைத்தியம்' என்றும், ட்ரூயிட்டின் சத்திரசிகிச்சை நூலை 'இரண வைத்தியம்' என்றும் அவரும் அவரது மாணவர்களும் தமிழாக்கினார்கள். 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' வந்தது. ஒரு பொருளுக்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேடுவது, இல்லாவிட்டால் வடமொழியில் பார்ப்பது, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு ஏற்ப எடுத்துக்கொள்வது என்பது அவர்களது முறை. கவிஞர் அம்பி கிறீனைப் பற்றி எழுதியிருக்காவிட்டால் இவையெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு எட்டியிருக்காது.

கிறீனின் சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆகிவிட்டது. சுகரணத்தை இன்று யாரும் அறியார். அவர் வந்தது மதம் பரப்பும் நோக்கத்தோடு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. வூஸ்ரரில் 1884இல் இறந்த அவரது கல்லறையில், அவரது விருப்பப்படியே, தமிழர்களுக்கான மருத்துவ நற்செய்தியாளர் என்றுதான் பொறித்திருக்கிறார்கள். இருந்தாலும் அவர் செய்த ஒரு காரியம் என்னைத் திரும்பத் திரும்ப யோசிக்க வைக்கிறது. பிரசவ நூலைத் தமிழில் அச்சிடுவது என்றால், பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத உறுப்புகளுக்குத் தாளில் தமிழ்ப் பெயர் எழுத வேண்டும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் லெக் என்று சொல்லவே கூசிக்கொண்டிருந்த காலத்தில் அது நடந்தது. நோயாளியின் மொழியை மருத்துவர் கற்பது என்ற வழியை அவர் எடுத்தார். 125 ஆண்டுகள் கழித்து லண்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. நோயாளியும் மருத்துவரும் ஆளுக்கொரு கரையில் நிற்க, நடுவில் ஒரு பையனைப் பாலமாகப் போட்டார்கள்.

புலம்பெயர்ந்த எங்கள் தலைமுறையில் இப்படிப் பாலமாகக் கிடந்தவர்கள் ஏராளம். வங்கியில், வீட்டுக்கார அலுவலகத்தில், அகதி விண்ணப்பத்தில், ஆஸ்பத்திரியில் என்று தாய்தகப்பனுக்காகப் பேசினோம். அதைப் பெருமையாகவும் நினைத்தோம். எங்களுக்கு எத்தனை சொற்கள் தெரியாது என்பது எங்களுக்கே தெரியாது. இப்போது பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக் கூடாது என்று இங்கிலாந்தின் சுகாதார சேவை சொல்கிறது. நல்லது. ஆனால் சொல்லறிவுக் குறை இதில் பாதிதான் என்பது அம்மாவிடம் கேட்டபோது தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், இந்த விஷயங்களைப் படிக்கத் தொடங்கியிருந்த நாட்களில், அன்றைய இரவைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். அடிவயிறு என்று நீங்கள் சொன்னதை நான் விட்டுவிட்டேன், என்னால்தான் மூன்று நாள் பிந்தியது என்றேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"அந்த டொக்டர் காட்டச் சொன்னவர்தானே. காட்டியிருக்கலாம். ஆம்பிளப் பிள்ளை நீ பக்கத்தில நிக்கேக்க நான் எப்பிடிக் காட்டுறது?"

"நோ எண்டால் காட்ட வேண்டியதுதானே அம்மா."

"உனக்கு விளங்காது. ரண்டு மாசமா மாதச்சுகமும் ஒழுங்கில்லை. அதையும் நீயே சொல்ல வேண்டி வருமெண்டுதான் நான் பொதுவா வயிறெண்டு கையை வைச்சனான்."

துருவலைச் சட்டிக்குள் தட்டிவிட்டு, "வகுப்பு செவ்வாய்க்கிழமையெண்டு சொன்னது மட்டும் நல்லா நினைவிருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அப்போதுதான் இரண்டு மொழிகளின் கதையும் ஒன்றாகத் தெரிந்தது. நயாகராவில் முகம் திருப்பிய பெண்ணும், நோவது எங்கே என்று சொல்லக் கூசி ஸ்டொமக் என்று சொன்ன பெண்மணியும், கோட்டுக்கு மேலால் உள்ளங்கையை விரித்து வைத்த அம்மாவும் செய்தது ஒன்றையே. ஒரு பெரிய சொல்லை எடுத்துப் போர்த்திக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அப்படிப் பல பேர் பல தலைமுறையாகப் போர்த்தியதில் ஸ்டொமக் என்ற சொல்லே அகன்றுவிட்டது. என் அம்மா போர்த்திய வயிற்றையும், ஏற்கனவே அகன்றுபோன ஸ்டொமக்கையும் நான் ஒன்றுக்கு ஒன்று சமன் என்று எடுத்துக்கொண்டேன். டொக்டரோ அதைத் தன் நூலில் உள்ள சின்னப் பையாகக் கேட்டார். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அம்மாவின் சூலகம் போய்விட்டது.

இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நாங்கள் கண், காது, மூக்கு, வாய் என்று தொட்டுத் தொட்டுத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறோம். தொப்புளோடு பாடம் நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே முழங்கால் வரும்வரை தமிழே இல்லை என்பது போல. என் மகள் வளர்ந்தபோது நானும் என் மனைவியும் அந்த இடைவெளியை நிரப்ப முயன்றோம். இரண்டு மொழியிலும், முகம் சுளிக்காமல், உள்ளது உள்ளபடி. எளிதாக இருக்கவில்லை. சில சொற்களுக்கு எனக்கே அகராதி தேவைப்பட்டது.

போன ஆண்டு அம்மாவை எங்கள் ஊர் டொக்டரிடம் கூட்டிப்போனேன். இம்முறை தொலைபேசியில் ஒரு தமிழ்ப் பெண் மொழிபெயர்ப்பாளர் இருந்தார். பழக்கதோஷத்தில் நானும் கூடவே உள்ளே போய் இருந்தேன். என்ன பிரச்சினை என்று டொக்டர் கேட்டார். அம்மா என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ கொஞ்சம் வெளியில நில்" என்றார்.

எழுந்து வெளியே வந்தேன். கதவு சாத்தப்படும் முன், அம்மா ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு பேசத் தொடங்கியது கேட்டது.

"அடிவயித்தில, பிள்ளை. இந்த இடத்தில."